மீன்களுக்கும் சொல்லப்பட்ட ஆசீர்வாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கிறிஸ்தவத் திருமணம் பற்றிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். நல்ல தமிழ். வசனங்களையும் தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். திருமணத்தின் நோக்கம் மூன்று என்று கட்டுரையாளர் வரிசைப்படுத்துகிறார்: பிள்ளைப்பேறு, பாவத்திலிருந்து பாதுகாப்பு, ஒருவருக்கொருவர் துணை. இவற்றில் முதலாவதுதான் தலையானது, மற்ற இரண்டும் அதற்குத் துணைநிற்பவை என்று முடிக்கிறார். அந்த முடிவோடுதான் எனக்கு வழக்கு.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆயரின் மனைவியாகக் குருமனைகளிலேயே காலத்தைக் கழித்தவள். என் கணவர் இப்போது இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அவர் எத்தனையோ திருமணங்களை நடத்தி வைத்தார். அவற்றுக்கு முன்னால் நடக்கும் ஆயத்த வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் சில பிற்பாடு ஆட்டம் கண்டபோது, முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் என் கணவர் பிரசங்கத்துக்காகப் படிப்பதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுத உட்காருவார். அப்படி ஓசியில் கிடைத்த படிப்பு கொஞ்சம் உண்டு.

அந்த மூன்று நோக்கங்களின் பட்டியல் வேதாகமத்தில் அப்படியே எங்கும் இல்லை. 1549-ஆம் ஆண்டு இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப்புத்தகத்தில், விவாக ஆராதனையின் முகவுரையில், இதே வரிசையில் இருக்கிறது. அதைத் தொகுத்தவர் பேராயர் தாமஸ் கிரான்மர். குருமார் மணம் முடிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் இரகசியமாக மணம் முடித்து, மனைவியை வெளியில் காட்ட முடியாமல் பல ஆண்டுகள் வாழ்ந்த மனிதர். பிள்ளைப்பேற்றையும் பாவத்துக்குப் பரிகாரத்தையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக, இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவருக்கொருவர் தோழமையாகவும் உதவியாகவும் ஆறுதலாகவும் இருப்பதற்கு என்று சேர்த்தார். "முதல் இரண்டும் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்தது, மூன்றாவது வீட்டிலிருந்து வந்தது" என்பார் என் கணவர்.

கிரான்மருக்கும் முன்னால், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகுஸ்தீன் என்ற ஆயர் திருமணத்தின் மூன்று நன்மைகளைச் சொன்னார்: பிள்ளைகள், உண்மைத்தன்மை, பிரிக்க முடியாத பந்தம். இந்த மூன்றில் முதலாவதைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். திருமணம் பிள்ளைகளுக்காக மட்டும் என்றால், வயது முதிர்ந்த தம்பதியரின் வாழ்வை இனிமேல் திருமணம் என்று சொல்ல முடியாதே, அப்படியில்லையே என்கிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இயல்பான தோழமையே ஒரு நன்மை என்கிறார். அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

எனக்கு நெருங்கிய தோழி ஒருவர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. நான் அவரை சிஸ்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கட்டுரையை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது எங்கள் பழைய சட்டம் அல்லவா?" என்றார். 1917-ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமணத்தின் முதன்மை நோக்கம் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது என்றும், பரஸ்பர உதவி இரண்டாம் நிலை என்றும்தான் சொன்னதாம். 1965-இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருமணத்தை வாழ்வும் அன்பும் இணைந்த நெருங்கிய உறவாக விளக்கியது. 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் முதன்மை, இரண்டாம் நிலை என்ற பேச்சே இல்லை. தம்பதியரின் நலன், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அதிலும் தம்பதியரின் நலன் முன்னால். மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையும் இல்லை, அதனால் திருமணம் செல்லாமல் போவதும் இல்லை என்று தனியாக ஒரு விதியே உண்டு. ஆக, பிள்ளைகளை அவ்வளவு வலியுறுத்துகிற சபைகூட, பிள்ளை இல்லாத திருமணத்தை முழுத் திருமணம் என்றே எழுதி வைத்திருக்கிறது.

சரி, சட்டம் கிடக்கட்டும். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். "நீங்கள் பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் முதலாம் அதிகாரம் 28-ஆம் வசனத்தில் மனிதருக்குச் சொல்லப்படுகிறது. அதைத்தான் கட்டுரையாளரும் அடித்தளமாக வைக்கிறார். ஆனால் 22-ஆம் வசனத்தை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. அங்கே அதே ஆசீர்வாதம், ஏறக்குறைய அதே சொற்களில், மீன்களுக்கும் பறவைகளுக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆசீர்வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மீனுக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒன்றை, மனிதத் திருமணத்தின் தனிச்சிறப்பான ஆவிக்குரிய நோக்கம் என்று எப்படிச் சொல்வது?

மனிதருக்கு மட்டும் சொல்லப்பட்டது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதுவரை எல்லாவற்றையும் பார்த்து நல்லது, மிகவும் நல்லது என்றவர், "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்கிறார். சிருஷ்டிப்பின் கதையில் முதல்முறையாக "நல்லதல்ல" என்று வருவது இங்கேதான். அப்போது இன்னும் பாவம் வரவில்லை, விலக்கின கனியைப் புசிக்கவில்லை, தேவன் கூடவே இருக்கிறார். அப்படியிருந்தும் நல்லதல்ல. அதற்குப் பிறகுதான் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான், ஒரே மாம்சமாயிருப்பார்கள் என்ற வசனம் வருகிறது. அந்த அதிகாரம் முழுவதிலும் பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. இயேசுவிடம் திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் எடுத்துச் சொன்னதும் இந்த வசனத்தைத்தான்.

வேதாகமத்தின் காதல் பாட்டான உன்னதப்பாட்டும் அப்படியே. எட்டு அதிகாரங்கள் அந்த இருவரும் பேசிக்கொள்கிறார்கள், தேடிக்கொள்கிறார்கள், எங்களுக்குப் பிள்ளை வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்நார்து என்ற துறவி அந்தப் பாட்டின் மேல் 86 பிரசங்கங்கள் செய்து, மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டுவதற்குள் காலமாகிவிட்டார். மணமாகாத ஒருவர் காதல் பாட்டின் இரண்டு அதிகாரங்களில் அவ்வளவு சொல்ல இருந்தது என்றால், அவர் அதில் எதையோ கண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு பெண்கள் ஜெபக்கூட்டத்தில், வெளியிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, என்னை முன்னால் அழைத்து நிற்கவைத்து, அன்னாளின் கர்ப்பத்தைத் திறந்த தேவனே என்று உரத்த குரலில் ஜெபித்தார். பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்து, சாமுவேலைப் பெற்றவள் அன்னாள்; 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அவள் கதை இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் தலையில் கை வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அத்தனை கைகளின் பாரத்தில், நான் ஏதோ பழுதுபார்க்கக் கொண்டுவந்த பொருள் போல நின்றேன். வீட்டுக்கு வந்தபோது என் கணவர் முதுகு கிழிந்த பாட்டுப் புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "அந்த அதிகாரத்தில் எட்டாம் வசனத்தை யாராவது வாசித்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதானே" என்றுவிட்டு மறுபடி பசை தடவத் தொடங்கினார்.

நான் போய் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அன்னாளின் கணவன் எல்க்கானா அவளிடம் சொல்வது அது: "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" எல்க்கானாவுக்கு இன்னொரு மனைவியிடம் பிள்ளைகள் இருந்தார்கள், அவருக்கு அப்படிச் சொல்வது சுலபம், அது வேறு விஷயம். என் வீட்டில் பசை டப்பாவோடு உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி யாரும் இல்லை. அன்னாளின் ஜெபத்தைத் தெரிந்த அளவுக்கு அவள் கணவனின் கேள்வியைத் தெரிந்தவர்கள் நம் சபைகளில் குறைவு. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைப் பற்றியும் அப்படித்தான். கூடாரம் செய்கிற தொழில், அப்போஸ்தலன் பவுலுக்குத் தங்க இடம், அப்பொல்லோ என்ற பிரசங்கிக்கு வீட்டிலேயே பாடம், வீட்டிலேயே கூடுகிற சபை. புதிய ஏற்பாட்டில் ஒருவர் பெயர் வருகிற இடத்திலெல்லாம் மற்றவர் பெயரும் வருகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் திருமணம் எதற்கு? எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல், ஒரே மாம்சமாயிருப்பார்கள் என்ற அந்த ஆதியாகம வசனத்தை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் திடுக்கிடும்படி ஒன்றைச் சொல்கிறார்: "இந்த இரகசியம் பெரியது, நான் கிறிஸ்துவைப்பற்றியும் சபையைப்பற்றியும் சொல்லுகிறேன்." கணவன் மனைவியைப் பற்றிப் பேசுகிறார் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவரோ நான் வேறொன்றையும் சேர்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்கிறார். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வசனத்தின் மேல்தான் நிற்கிறது. கிறிஸ்தவத் திருமணம் தன்னைத் தாண்டிய ஒன்றைக் காட்டுகிற அடையாளம். தேவன் மனிதரோடு எப்படிப்பட்ட உறவு வைத்திருக்கிறார் என்பதை இரண்டு சாதாரண மனிதர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து காட்டுவது அது.

இது பவுலின் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஓசியா தீர்க்கதரிசி தன்னை விட்டுப் போன மனைவியைத் திரும்பப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது, தேவன் தம் ஜனத்துக்குச் செய்வது இதுதான் என்று காட்டுவதற்காக. "மணமகன் மணமகளின்மேல் மகிழ்ச்சியாயிருப்பதுபோல, உன் தேவன் உன்மேல் மகிழ்ச்சியாயிருப்பார்" என்கிறது ஏசாயா. மல்கியா மனைவியைத் தோழி என்றும் உடன்படிக்கையின் மனைவி என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். பெர்நார்து காதல் பாட்டில் கண்டதும் இதைத்தான்.

உடன்படிக்கை என்பதைத்தான் ஆயத்த வகுப்பில் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஒப்பந்தம் அவர்களுக்குப் புரிகிறது. நீ உன் பங்கைச் செய்தால் நான் என் பங்கைச் செய்வேன், நீ தவறினால் எனக்கு விடுதலை. உடன்படிக்கையில் கணக்கு வேறு மாதிரி. மற்றவர் என்ன செய்தாலும் என் வாக்கு என் வாக்குதான் என்று முன்கூட்டியே நின்றுவிடுவது. பலிபீடத்தின் முன்னால் ஆயர் மணமகனிடம், நீ இவளை நேசிக்கிறாயா என்று கேட்பதில்லை. நேசித்து, ஆறுதல்படுத்தி, கனம்பண்ணி, சுகத்திலும் சுகவீனத்திலும் காப்பாற்றுவாயா என்றுதான் கேட்கிறார். அன்றைய மனநிலை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருமுறை வகுப்பில் ஒரு பையன், "அப்புறம் அன்பு போய்விட்டால் என்ன செய்வது பாஸ்டர்?" என்று கேட்டான். பக்கத்தில் அவனுக்கு நிச்சயித்த பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர், "அதற்காகத்தானே சத்தியம் வாங்குகிறோம், அன்பு இருக்கிற நாளைக்கு எதற்கு சத்தியம்?" என்றார்.

அவர் அந்தப் பதிலுக்கு டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகருக்குக் கடன்பட்டவர். 1943 மே மாதம், ஹிட்லரின் ஆட்சியில் பெர்லின் சிறையில் இருந்தபடி, தம் நண்பருக்கும் தம் அக்காள் மகளுக்கும் நடந்த திருமணத்துக்கு அவர் ஒரு பிரசங்கம் எழுதினார். உங்கள் அன்பு திருமணத்தைத் தாங்குவதில்லை, இனிமேல் திருமணம்தான் உங்கள் அன்பைத் தாங்கும் என்ற கருத்து அதில் வருகிறது. அதை எழுதியவருக்கும் அந்த ஜனவரியில்தான் நிச்சயமாகியிருந்தது. அவர் மணமேடை ஏறவேயில்லை, 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிட்டுவிட்டார்கள். அதே பிரசங்கத்தில் மனைவியின் இடத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிற சில வரிகள் எனக்கு ஒப்பவில்லை. ஒப்பாததை விட்டுவிட்டு ஒப்பியதை வைத்துக்கொண்டேன்.

மனைவியின் இடம் என்றதும் எபேசியர் ஐந்துக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. "மனைவிகளே, உங்கள் சொந்தப்புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற 22-ஆம் வசனம் மனப்பாடமாகத் தெரியாத கிறிஸ்தவ ஆண்பிள்ளை கிடையாது. அதற்கு முந்தின வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று முடிவது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாள் இரவு ஒருவர் வேதாகமத்தோடு குருமனைக்கு வந்தார், பின்னால் அவர் மனைவி. நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்கள், வசனத்துக்குக் கீழ்ப்படியமாட்டேன் என்கிறாள் என்றார். அந்தப் பெண் முந்தானையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். என் கணவரும் பார்த்துவிட்டார்.

"25-ஆம் வசனத்திலிருந்து கொஞ்சம் வாசியுங்கள், தம்பி" என்றார் என் கணவர். அவர் வாசித்தார். "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அப்படியே கிறிஸ்துவும் சபையில் அன்புகூர்ந்து" என்று தொடங்கி, "தம்மைத்தாமே அதற்காக ஒப்புக்கொடுத்தார்" என்பது வரை வந்து நின்றார். "கிறிஸ்து சபையை எப்போது அடித்தார் என்று எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் என் கணவர். அதட்டவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பதில் வரவில்லை. அந்தப் பெண் அன்று எங்கள் வீட்டில்தான் தங்கினாள். அதற்குப் பிறகும் சில நாட்கள் தங்கினாள்.

சபை மூப்பர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். மத்தேயு 19-இல், பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இயேசுவிடம் வந்து, மனைவியை எந்த முகாந்தரத்தினாலாகிலும் தள்ளிவிடலாமா என்று கேட்கிறார்கள். தள்ளிவிடும் அதிகாரம் ஆண்கள் கையில் இருந்த உலகம் அது. தள்ளுதற்சீட்டை எழுதிக் கையில் கொடுத்தால் அந்தப் பெண் நடுத்தெருவில். அவர்களைப் பார்த்துச் சொன்ன பதில் அது. பெண்ணைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை எடுத்து, அவளை அடி வாங்கும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கயிறாகத் திரிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. விவாகரத்து, மறுமணம் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கத்தோலிக்கர் ஒரு விதம், ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஒரு விதம், எங்களுக்குள்ளேயே பல விதம். அதைத் தீர்க்க நான் யார்? ஆனால் அடையாளம் என்று சொன்னேனே, அடிக்கிற கணவன் கிறிஸ்துவுக்கு அடையாளமாக நிற்கவில்லை. உடன்படிக்கையை முறித்தது வீட்டை விட்டு வெளியே வந்தவள் அல்ல.

நான்காம் நூற்றாண்டிலேயே யோவான் கிரிசோஸ்தோமு என்ற பெரிய பிரசங்கி இந்த எபேசியர் பகுதிக்கு விளக்கம் சொல்லும்போது, வாழ்க்கைத் துணையைப் பயத்தாலும் மிரட்டலாலும் கட்டிவைக்கக் கூடாது, அடிமையோடு வாழ்வது போல மனைவியோடு வாழ்கிறவனுக்கு அதில் என்ன இன்பம் என்று கேட்டார். இதில் புதுக்காலத்துப் பெண்ணுரிமைப் பேச்சு எதுவும் கலக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். "புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி" என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது அதைவிடப் பழசு.

திருமணம் அருட்சாதனமா, அதாவது தேவ அருளைத் தரும் புனிதச் சடங்கா, இல்லையா என்ற பழைய சண்டைக்குள் நான் அதிகம் போகப் போவதில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஆம் என்கிறார்கள். சீர்திருத்தத் தலைவர் லூத்தர் 1520-இல் இல்லை என்று எழுதினார், 1525-இல் மடத்தை விட்டு வந்திருந்த கத்தரீனா ஃபான் போராவை மணந்துகொண்டு, திருமணத்தின் மேன்மையை யாரையும்விட அதிகமாகப் பேசினார். எனக்குப் பிடித்தது ஆர்த்தடாக்ஸ் சடங்கு. மணமக்கள் தலையில் மகுடம் வைக்கிறார்கள். கிரேக்க முறையில் இருவரும் உறுதிமொழி சொல்வதுகூடக் கிடையாது, மகுடமும் பொதுவான பாத்திரத்தில் குடிப்பதும்தான். அது ராஜா ராணி மகுடம் மட்டும் அல்ல, இரத்தசாட்சிகளின் மகுடமும்கூட என்று விளக்கம் சொல்வார்கள். திருமணமான எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

பரிசுத்தமாகுதல் என்று பெரிய வார்த்தை சொல்கிறோம், அது வீட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் தினமும் இரவு சேர்ந்து முழங்காலில் நிற்போம், சண்டை போட்ட நாட்களிலும். சண்டை நாட்களில் ஜெபமே சண்டையாகிவிடும். அவர், "ஆண்டவரே, என் மனைவிக்குப் பொறுமையைத் தாரும்" என்பார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆண்டவரே, ஆலயச் சாவியை வைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள என் கணவருக்குக் கிருபை தாரும்" என்பேன். யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. வராவிட்டால் ஆமென் சொல்லாமல் முழங்காலிலேயே நிற்போம். மனைவியைக் கனம்பண்ணுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஜெபங்களுக்குத் தடை வரும் என்று பேதுரு கணவர்களுக்கு எழுதியிருக்கிறார். ஜெபத்துக்குத் தடை என்றால் என்னவென்று எங்கள் முழங்கால்களுக்குத் தெரியும்.

திருமணம் ஓர் அடையாளம் என்றால், அடையாளத்தைச் சுமக்காதவர்கள் குறைபட்டவர்கள் அல்ல என்பதும் கூடவே வருகிறது. இயேசு மணம் முடிக்கவில்லை. பவுல், எல்லா மனுஷரும் தன்னைப்போலவே இருந்தால் நல்லது என்று எழுதினார். அப்படியிருந்தும் நம் சபைகளில் மணமாகாத பெண்ணைப் பார்த்ததும், இன்னும் தேவசித்தம் வரவில்லையா என்று கேட்கிறோம். நான்காம் நூற்றாண்டில் கங்கரா என்ற இடத்தில் கூடிய சங்கம், கன்னிமை காக்கிறவர்கள் மணமானவர்களை இளக்காரமாகப் பேசினால் சாபம் என்று தீர்மானம் போட்டது. 1563-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம், மண வாழ்வைக் கன்னிமையைவிட மேலே வைத்தால் சாபம் என்றது. சிஸ்டரும் நானும் இந்த இரண்டையும் வைத்து ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதுண்டு. அவர் சுமப்பதும் அதே இரகசியத்தின் இன்னொரு பக்கம்தான் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

என் கணவர் போன பிறகு, ஆறுதல் சொல்ல வந்த போதகர் ஒருவர், பரலோகத்தில் நீங்கள் மறுபடி கணவன் மனைவியாக வாழ்வீர்கள் என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இயேசு அப்படிச் சொல்லவில்லை. ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண்ணின் கதையைச் சொல்லி, உயிர்த்தெழுதலில் அவள் யாருக்கு மனைவி என்று, உயிர்த்தெழுதலையே நம்பாத சதுசேயர் மடக்கியபோது, "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்றார் அவர். நாங்கள் சொன்ன உறுதிமொழியிலேயே, மரணம் நம்மைப் பிரிக்குமளவும் என்று எல்லை போட்டுத்தான் இருந்தது. அன்று அதைக் கவனித்தது யார்? விதவையான பிறகு அந்த வசனத்தை என்னால் வாசிக்கவே முடியாமல் கொஞ்ச காலம் போயிற்று.

இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். வேதாகமம் ஏதேனில் ஒரு ஜோடியோடு தொடங்கி, வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆட்டுக்குட்டியானவரின் கலியாணத்தோடு முடிகிறது. நடுவில் நடக்கிற நம் கலியாணங்கள் அதைக் காட்டுகிறவை. காட்டப்பட்டதே வந்துவிட்டால் அடையாளத்துக்கு வேலை முடிந்தது. அன்பு முடிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை என்று நினைக்கிறேன். கடைசி மாதங்களில் அவரால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் தலை வாரிவிடுவேன், வகிடு எடுக்கும் பக்கத்தை மாற்றிவிட்டேன் என்று ஒவ்வொரு நாளும் குறை சொல்வார். அவரைத் தேவன் அங்கே எப்படி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் வாரிவிட்டது வீண் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பிள்ளை இல்லாததால் எங்கள் திருமணம் தன் தலையான நோக்கத்தை அடையவில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக ஒரு திருத்தம், அடுத்த வாரம் வெளியிட்டால் நன்றாக இருக்கும். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்பதை, மனைவி கணவனுக்குச் சொல்லும் உறுதிமொழி என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். திருமண அழைப்பிதழ்களிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். அது ரூத் நகோமியிடம் சொன்னது. மருமகள் மாமியாரிடம் சொன்னது. அப்போது இருவருமே விதவைகள், இருவர் கையிலும் பிள்ளை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓர் ஆயரின் மனைவி